கூடையில் வந்த கருடன்

அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்துப் பேசியதாக எனக்கு ஞாபகமே இல்லை. வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவார், தோளிலிருந்து காவுதடியை இறக்குவார், "தங்கச்சி, சொகமா ஈக்கிறீங்களா?" என்று கேட்பார். கேள்வி எனக்கு, பார்வை என் தலைக்கு மேலே. முதல்முறை வந்தபோது கூரையில்தான் ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து நானும் பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தேன். கூரை இருந்தபடிதான் இருந்தது. அவர் ஆகாயத்தை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் பார்த்து, அங்கே வேண்டாதவர் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அதற்குப் பிறகுதான் கூடையின் மூடியைத் திறந்தார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் கோழி நானா; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம். லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகளிலிருந்து ஆட்களை வேலை வாங்குகிற பெரிய கங்காணி வரைக்கும் எல்லோருக்கும் அதே பெயர்தான். மாத்தளை டவுனுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ரத்தோட்டை வரைக்கும் மாட்டு வண்டியில் வருவார். அங்கிருந்து எங்கள் தேயிலைத் தோட்டம் வரை ஏற்றம் முழுக்க நடை. காவுதடியின் இரண்டு பக்கமும் பிரம்புக் கூடைகள். ஏறும்போது கூடைகளில் கோழிகள், இறங்கும்போது வைக்கோலுக்குள் முட்டைகள். வெற்றிலை போட்ட வாய், தலையில் நெய்த தொப்பி, ஆகாயத்தைப் பார்த்துப் பார்த்துச் சுருங்கிப்போன கண்கள். துரைமார் குதிரையை விட்டு மோட்டார் சைக்கிளுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. நான் புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்தேன். எங்கள் வீட்டுக்காரர் மேல் டிவிசனில் கணக்கப்பிள்ளை. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் தேயிலை, தேயிலைக்கு மேலே காடு, காட்டுக்கு மேலே ரிவர்ஸ்டன் மலைப்பக்கத்துப் பனிமூட்டம். பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. அதனால்தான் கோழி வளர்த்தேன்.

கோழி விஷயத்தில் நானா சொல்வது ஒன்றையும் நம்பக் கூடாது என்பதை முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டேன். "இப்பதான் கூவப் பழகுது, எளஞ்சேவல்" என்று சொல்லி ஒரு சேவலைத் தலையில் கட்டினார். தோட்டத்து விறகெல்லாம் எரித்தும் அது வேகவில்லை. அடுத்து ஒரு வெள்ளைக் கோழி. "நல்ல சாதுக் கோழி, தங்கச்சி. வாயில்லாப் பூச்சி. தொட்டிலில போட்டாலும் தூங்கும்" என்றார். அந்த வாயில்லாப் பூச்சி வந்த அன்றே தபால்காரரின் கணுக்காலைக் கொத்தி ரத்தம் பார்த்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் வேலிக்கு வெளியே நின்றே கடிதத்தை வீசிவிட்டுப் போவார். நானாவிடம் சண்டைக்குப் போனேன். அவர் மேகத்தைப் பார்த்தபடி, "சாதுதான் தங்கச்சி. தபால்காரர்தான் பயந்த சுபாவம்" என்றார்.

ஆனால் பருந்து என்று வந்துவிட்டால் அவர் வேறு மனிதர். ஆகாயத்தில் பறக்கிற எந்த வேட்டைப் பறவையைப் பற்றியும் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லமாட்டார், குறைத்தும் சொல்லமாட்டார். அடுத்தவர் சொன்னாலும் விடமாட்டார். ஒருநாள் என் குஞ்சுகள் மூன்று காணாமல் போய், "பருந்து தூக்கிருச்சு நானா" என்று நான் புலம்பிக்கொண்டிருந்தபோது பேரத்தை அப்படியே நிறுத்திவிட்டார்.

"என்ன பருந்து?"

"பருந்துன்னா பருந்துதான்."

"மனிசன்டா மனிசன்தானா? கங்காணியும் மனிசன், உங்கட வீட்டுக்காரரும் மனிசன். ரெண்டு பேரும் ஒண்டா?"

சொல்லிவிட்டு என் வீட்டுப் பின்கோடியெல்லாம் சுற்றி வந்தார். வாழை மரத்தடியில் கிடந்த கொஞ்சம் இறகுகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். வல்லூறு என்றால் மரக்கிளையில் உட்கார்ந்து ஒவ்வொரு இறகாகப் பிடுங்கிப் பூப்போலக் கீழே உதிர்க்குமாம். ராசாளி என்றால் இறகே கிடைக்காதாம், காட்டுக்குள் கொண்டுபோய்த்தான் தின்னுமாம். "இது பாருங்க, ஈரத்துல கட்டி கட்டியா ஒட்டிக் கெடக்கு. இந்தப் பருந்து வெந்நி வச்சி றெக்க பிடுங்கி ஈக்கு" என்றார். அவர் 'இருக்கு' என்பதை 'ஈக்கு' என்றுதான் சொல்வார். வெந்நீர் வைத்த பருந்து தொழிற்சாலைக் காவற்காரன் என்று பிறகு தெரிந்தது. அது தனிக்கதை.

"கோழி வியாபாரத்துல இவ்வளவு பொய் சொல்றீங்க, பருந்து விசயத்துல மட்டும் ஏன் இந்த நேர்மை?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"கோழி எண்ட சாமான், தங்கச்சி. எண்ட கூடையில ஈக்கிறதப் பத்தி நான் என்னவும் செல்லுவன். மேல பறக்கிறது அல்லாஹ்ட சாமான். அதப் பத்திப் பொய் செல்ல ஏலா."

'சொல்ல முடியாது' என்பதைத்தான் அவர் 'செல்ல ஏலா' என்பார். முட்டையை எண்ணிக் கொடுத்து அனுப்பினேன்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. தோட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பறவையை ஒதுக்கி வைத்திருந்தார். துரை பைரி. மலைப்பாறை உச்சியில் உட்கார்ந்திருக்கும், இருப்பதே தெரியாது, ஒரே ஒரு தடவைதான் இறங்கும், இறங்கினால் கீழே உள்ள புறா காலி. ரத்தோட்டையிலிருந்து வருகிற கல்யாணத் தரகர் கருங்கழுகு. அது அவசரமே படாதாம். மர உச்சிகளை உரசி உரசி மெதுவாக மிதந்துபோய், எந்தக் கூட்டில் என்ன இருக்கிறது என்று எட்டி எட்டிப் பார்த்து, கூட்டோடு தூக்கிக்கொண்டு போகுமாம். அவர் இதைச் சொன்ன பிறகு தரகர் லயத்து வாசல்களில் நின்று நின்று போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு தாங்காது.

எங்கள் வீட்டுக்காரரைத் தேன் பருந்து என்றார். எனக்குக் கோபம் வந்தது, தேனை நக்கிக்கொண்டு சும்மா இருக்கிற சோம்பேறி என்று சொல்கிறாரோ என்று. இல்லையாம். அது குளவிக் கூட்டைத் தேடிப்போய்க் கையை விடுகிற பறவையாம். கொழுந்து பறிக்கிற பெண்களுக்குக் குளவியைவிட எதிரி கிடையாது. அந்தக் கூட்டைக் கொட்டக் கொட்டப் பிரித்துப்போட்டுவிட்டு, ஒரு நன்றிகூட எதிர்பாராமல் பறந்துபோகும் என்றார். துரையிடமும் கங்காணியிடமும் மாறி மாறி வாங்கிக் கட்டிக்கொண்டு, ஆட்களின் பெயரைக் கூலிக் கணக்கிலிருந்து வெட்டவிடாமல் வைத்திருந்த மனுஷனுக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது. அன்றைக்கு முட்டை விலையில் நான் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெரிய கங்காணிக்கு அவர் கொடுத்த பறவை செம்பருந்து. அதாவது கருடன். வெள்ளைத் தலைப்பாகை, மார்பு வரைக்கும் வெள்ளைச் சால்வை, அதற்குக் கீழே செங்காவி நிறக் கோட்டு. பார்த்தால் அசல் கருடன்தான். "எல்லாரும் கும்பிடுவாங்க, கன்னத்துல போட்டுக்குவாங்க. அது என்ன செய்யும் தெரியுமா? செத்த மீன் பொறுக்கும். மத்தது பிடிச்சதப் பறிச்சித் தின்னும். கொழுத்த கோழிக்குப் பக்கத்துல போகாது, தாயில்லாத குஞ்சுக்கு வரும்" என்று சொல்லிவிட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நான் பறவையப் பத்தித்தான் செல்றன்" என்றார்.

"அப்ப நான் என்ன பறவை நானா?" என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்கமாட்டார். ஆகாயத்தைப் பார்ப்பார், கூடையை மூடுவார், போய்விடுவார். வருஷக்கணக்காகக் கேட்டுப் பார்த்தேன். மனுஷர் பிடி கொடுக்கவில்லை.

இனி கோயில் கதைக்கு வருகிறேன். அந்த மனிதர் யாரென்று எனக்கு முழுசாகத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

எங்கள் மேல் டிவிசனில் ஒரு பலாமரத்தடியில் மாரியம்மன் கல்லாக இருந்தாள். கொழுந்துக்குப் போகிற பெண்கள் மஞ்சள் தடவிவிட்டுப் போவார்கள். அவளுக்கு ஒரு கோயில் கட்டவேண்டும் என்ற பேச்சு வந்தபோது, பெரிய கங்காணி அம்மனைத் தன் வீட்டு வளவுக்குக் கொண்டுபோய்க் கட்டுகிறேன் என்றார். கேட்கப் பெரிய மனசு மாதிரித்தான் இருக்கும். ஆனால் அவர் வளவுக்குள் இருக்கிற அம்மனைக் கும்பிட அவர் படலைத் தாண்டவேண்டும். அவரோடு மனஸ்தாபம் உள்ளவர்கள், யார் யார் பெயரை அவர் வெட்டச் சொன்னாரோ அவர்கள், அவரிடம் கைநீட்ட மறுத்த பெண்கள், இவர்களெல்லாம் சாமி கும்பிட எங்கே போவார்கள்? எங்கள் வீட்டுக்காரர் மெதுவாக, அவருடைய வழக்கப்படி, குளவிக் கூட்டில் கையை விட்டார். கோயில் பலாமரத்தடியிலேயே வரட்டும் என்று துரையிடம் அனுமதி வாங்கிவிட்டார்.

கோயிலைக் கட்டியவர்கள் பெண்கள். கொழுந்து நிறுத்து முடித்து, வெறும் கூடையோடு ஆற்றில் இறங்கி, கூடையில் கல்லைப் போட்டு நெற்றியில் கயிறு மாட்டி ஏறுவார்கள். பகல் முழுக்கக் கொழுந்து சுமந்த முதுகு அது. அந்த முதுகுகளைப் பார்த்தவள் நான். சின்னக் கோயில்தான், மேலே ஒரு குட்டிக் கோபுரம். ஆனால் அதில் ஒவ்வொரு கல்லும் யார் முதுகில் வந்தது என்று எங்களுக்குத் தெரியும்.

கும்பாபிஷேகத்துக்கு மாத்தளையிலிருந்து குருக்கள் வருவதாக முடிவானது. துரை ஒரு நாள் லீவு கொடுத்தார். அப்போதுதான் கங்காணி எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னார்: "முறைப்படி கருடன் வந்து மேல சுத்தணும். அப்பதான் கலசத்துல தண்ணி ஊத்தணும். கருடன் வந்தா நானே மொதல் கும்புடு போடுறேன். வரல்லைன்னா அம்மாவுக்கு இந்த எடம் புடிக்கலைன்னு அர்த்தம். அப்ப எங்கூடக் கீழ வந்துருவா. சம்மதமா?"

எல்லோரும் உற்சாகமாகச் சம்மதம் என்றார்கள். எங்கள் வீட்டுக்காரரும் தலையாட்டினார். கும்பாபிஷேகத்துக்குக் கருடன் வராமல் இருக்குமா? இந்தியாவில் அவர்கள் கேள்விப்பட்ட அத்தனை கோயிலுக்கும் வந்திருக்கிறது. நானும் நம்பிக்கையாகத்தான் இருந்தேன், நானா வருகிற வரைக்கும்.

"இங்க கருடனா?" என்றார் நானா. முதல்முறையாக ஆகாயத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். "தங்கச்சி, நீங்க இங்க வந்து எத்தன வருசம்? ஒரு கருடன இந்த மலையில கண்டீங்களா?"

யோசித்தேன். உண்மையில் கண்டதே இல்லை. கன்னத்தில் போட்டுக்கொண்ட ஞாபகமெல்லாம் கல்யாணத்துக்கு முன்னால், பள்ளத்தில், மாத்தளை வயல்பக்கத்தில்.

"அது கீழ உள்ளது. வயல், கொளம், மீன் உள்ள எடத்துல. நாவுல ஊர்ப் பக்கம் போனா தலைக்கு நாலு சுத்தும். இந்தக் குளிருக்கும் மூட்டத்துக்கும் அதுக்கு என்ன விசர் புடிச்சா ஏறி வர?"

மலையிலேயே பிறந்து வளர்ந்த அத்தனை பேரும் நானும் சேர்ந்து, மலையில் இல்லாத பறவையின் தலையில் கோயிலைக் கட்டி வைத்திருந்தோம். கங்காணிக்கு மட்டும் இது தெரிந்திருக்கும் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. அவர் நாவுலப் பக்கம் அடிக்கடி போய்வருகிறவர்.

"நானா, ஒண்ணு புடிச்சுக்கிட்டு வாங்க" என்றேன்.

"எத?"

"கருடனைத்தான். உங்க கூடையில போட்டுக் கொண்டுவாங்க. நான் முந்தானையைச் சரிபண்ணுவேன். அப்ப தேயிலைக்குள்ள இருந்து தொறந்து விடுங்க."

அவர் கூடையின் மூடியை எடுத்தார், மறுபடி போட்டார். இன்றைக்கும் நான் கேட்டதைத் தப்பென்று நினைக்கவில்லை. அந்த முதுகுகளைப் பார்த்திருந்தால் நீங்களும் கேட்டிருப்பீர்கள். கடைசியில் அவர், "நான் கொண்டு வாறதப் பத்திப் பிரச்சினை இல்ல. எண்ட மச்சான் கொளத்தடியில மீன் காயப்போடுறவர், கண்ணி வச்சா விழும். ஆனா வெயில் ஏறாம அது சுத்தாது, தங்கச்சி. தரை சூடாகி, காத்து மேல ஏறணும். அந்தக் காத்துல ஏறித்தான் அது சுத்துற. மூட்டத்துல பறக்காது" என்றார்.

"நீங்க கருடனைக் கொண்டுவாங்க. வெயிலை ஆத்தா கொண்டுவருவா" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை.

கும்பாபிஷேகத்தன்று ரிவர்ஸ்டன் பக்கமிருந்து இறங்கிய மூட்டம் கோயிலைத் தூக்கி விழுங்கிவிட்டது. கோபுரத்துக்குக் கட்டிய மூங்கில் சாரத்தின் மேல் குருக்கள் குடத்தோடு நிற்கிறார் என்பது மந்திரச் சத்தத்தில்தான் தெரிந்தது. மேளம் ஓய்ந்து ஓய்ந்து அடித்தது. தேயிலை ஓரத்தில் நானா கூடையோடு குந்தியிருந்தார், கூடையின் மேல் சாக்கு. பெண்கள் எல்லோரும் மேலே பார்த்தபடி நின்றார்கள். பார்க்க அங்கே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. கங்காணி வெள்ளைத் தலைப்பாகையும் செங்காவிக் கோட்டுமாக முன்வரிசையில் நின்று, பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

முகூர்த்தம் முடியப்போகிறது என்று குருக்கள் மேலேயிருந்து குரல் கொடுத்தார். மூட்டம் கொஞ்சம் மெலிந்த மாதிரி இருந்தது. நான் முந்தானையைச் சரிபண்ணினேன்.

நானா சாக்கை எடுத்தார், மூடியைத் திறந்தார். கருடன் வெளியே வந்தது. வெள்ளைக் கழுத்து, செம்மண் இறக்கை, அவ்வளவு அழகு. வந்து நின்றது, சுற்றிலும் பார்த்தது, குளிரில் உடம்பைச் சிலிர்த்தது. பிறகு கடைத்தெருவில் நடக்கிற பெரியமனிதர் மாதிரி நாலடி நடந்து, ஒரு தேயிலைச் செடிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. நானா கால் பெருவிரலால் ஒரு நெம்பு நெம்பினார். அது அசையவில்லை. நான் முந்தானையை மறுபடியும் மறுபடியும் சரிபண்ணினேன். பக்கத்தில் நின்ற பெண் எனக்குக் குளிர்காய்ச்சல் என்றே நினைத்துத் தன் கம்பளியைக் கொடுத்தாள்.

எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பள்ளத்துக்கு மேலே, நீளமாக, யாரோ சீழ்க்கை அடிப்பது மாதிரி ஒரு கூவல். இரண்டாவது கூவலில் மூட்டம் கிழிந்தது. மூன்றாவதில் வெயில் விழுந்தது. கோபுரத்துக்கு நேர்மேலே பெரிய கறுத்த பறவை ஒன்று அகலமான இறக்கையை விரித்து, ஒரு தரம் கூட அடிக்காமல், வட்டம் போட்டது.

"கருடன்! கருடன்! அரோகரா!"

பெண்கள் குலவை போட்டார்கள். மேளம் எகிறியது. நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதுவிட்டேன்.

"நிறுத்துங்க!" கங்காணி கையைத் தூக்கினார். "அது கருடனா? கழுத்து வெள்ளை எங்க? சிவப்பு எங்க? கண்ணு தெரியாதா உங்களுக்கு? கறுப்பா ஒண்ணு பறந்தா கருடனாயிருமா?"

மேளம் நின்றது. கங்காணி சுற்றிலும் பார்த்தார், தேயிலை ஓரத்தில் குந்தியிருந்தவரைக் கண்டுபிடித்தார்.

"நானாவைக் கேளுங்க. பருந்து விசயத்துல அந்தாளு பொய் சொல்லமாட்டாருன்னு ஊருக்கே தெரியும். அவரு கருடன்னு சொன்னா நான் ஏத்துக்கிறேன். சொல்லுங்க நானா, அது கருடனா?"

எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. ஒரே ஒரு 'ஆம்' போதும். வேகாத சேவலை இளஞ்சேவல் என்று விற்ற வாய்க்கு ஒரு 'ஆம்' கஷ்டமா? நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வழக்கம்போல் மேலேதான் பார்த்தார். அந்தப் பறவை இரண்டு வட்டம் முடிக்கும்வரை பார்த்தார்.

"இல்ல. அது கருடன் இல்ல" என்றார்.

அந்த நிமிஷம் அந்த மனிதரை நான் வெறுத்தேன். கங்காணி சால்வையைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

"நான் இன்னம் முடிக்கல்ல, கங்காணியார். கேட்டா முழுசாக் கேக்கணும்." நானா எழுந்து நின்றார். "அது பாம்புப் பருந்து. இந்த மலையிலயே பொறந்தது. அந்தக் காட்டுல கூடு. றெக்கைக்கு அடியில வெள்ளப் பட்டை தெரியுதா? தலையில சின்னக் குடுமி ஈக்கு, இங்க இருந்து தெரியாது. எலி, தவளையும் திங்கும், ஆனா அதுட சாப்பாடு பாம்பு. காலு சொரசொரண்டு செதில். பாம்பு சுத்திக்கிட்டாலும் விடாது, தலையில இருந்து முழுங்கும், வாலு வாயில தொங்கத் தொங்கப் பறக்கும். உங்கட புள்ளைகள் கொழுந்துக்குள்ள கால் வைக்க முந்தி அதுதான் பாத்து எடுக்கிற. இப்ப நீங்க கேட்ட கருடன்."

குனிந்து, தேயிலைச் செடிக்கு அடியில் சாக்கைப் போட்டு, எங்கள் கருடனைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். கூட்டம் மூச்சை இழுத்தது. சிலர் சட்டென்று கும்பிட்டார்கள்.

"இது அசல் கருடன். நாவுலயில மீன் காட்டிப் பிடிச்சி நான்தான் கொண்டுவந்தன். எண்ட கூடையில வந்தது, அதனால இதப் பத்தி நான் பொய் செல்லி ஈக்கலாம். வானத்துல இருந்து வந்திச்சி எண்டு செல்லி ஈக்கலாம். மேல உள்ளத ஒருத்தரும் கொண்டு வரல்ல. அது தானா வந்திச்சி. அதப் பத்தி நான் பொய் செல்ல ஏலா. எதப் பாத்து தண்ணி ஊத்துறது எண்டது உங்கட விசயம். அதுல எனக்குக் கதை இல்ல."

"இதக் கொண்டுவரச் சொன்னது யாரு?" என்று கங்காணி உறுமினார்.

நானா ஆகாயத்தைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

சாரத்தின் மேலிருந்து குருக்களின் குரல் வந்தது. பாவம், அவ்வளவு நேரமும் குடத்தைத் தூக்கிப் பிடித்தபடி நின்றவர். "கங்காணியாரே, கருடனுக்கு அந்தப் பெருமை எதனாலே வந்தது? பாம்புக்கு எதிரி என்பதாலேதானே? அந்த வேலையை இந்த மலையிலே செய்கிறவர் மேலே வந்து நிற்கிறார், கூப்பிடாமலே வந்திருக்கிறார். கூடையிலே வந்தவர் செடிக்கடியிலே உட்கார்ந்திருக்கிறார். எனக்கு இதற்குமேல் அத்தாட்சி வேண்டாம். முகூர்த்தமும் போகிறது, என் கையும் போகிறது."

ஊற்றிவிட்டார். தண்ணீர் கலசத்தில் விழுந்த அந்தச் சத்தத்தை என் காது இன்னும் வைத்திருக்கிறது. பெண்கள் போட்ட குலவையில் மலையே எழுந்து நின்றது. தெளித்த தீர்த்தம் முன்வரிசையில் நின்ற வெள்ளைத் தலைப்பாகையில் முதலில் விழுந்தது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, கங்காணி மேலே பார்த்து, வேண்டா வெறுப்பாக, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். அம்மன் பலாமரத்தடியிலேயே இருந்துகொண்டாள்.

நானா கருடனைக் கூடையில் போட்டு மூடி, காவுதடியைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார். பாதை நெடுக நின்ற சனங்கள் ஒதுங்கி நின்று கூடையைக் கும்பிட்டார்கள். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக் கூடைக்குக் காட்டினார்கள். வாழ்நாளில் முதல்முறையாக அவர் கூச்சப்பட்டதை அன்று பார்த்தேன். "கும்பிடாதீங்க, கும்பிடாதீங்க! இவன் குஞ்சுக் கள்ளன்!" என்று கத்திக்கொண்டே ஓட்டமும் நடையுமாக இறங்கிப்போனார்.

வீட்டுக்காரர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. பிறகு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தனியாகச் சிரித்தார். கேட்டதற்கு, "நாலடி நடந்து போய் உக்காந்துச்சே" என்றார். அதோடு சமாதானம்.

அடுத்தமுறை நானா வந்தபோது நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன். அவர் வழக்கம்போல் கூரைக்கு மேலே பார்த்துவிட்டுக் கூடையைத் திறந்தார். கருடனை எடுத்த இடத்திலேயே, குளத்தடியில் விட்டுவிட்டாராம். "விட்டதுதான் தாமதம், எண்ட தலைக்கு மேல சுத்தோ சுத்தெண்டு சுத்திச்சி, கள்ளப்பய. அங்க ஆருக்குக் கும்பாபிசேகம்?" என்றார். என்னால் கோபத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை.

"நானா, நீங்க 'இல்ல'ன்னு சொன்னப்ப என் உயிரு போயிருச்சு. ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா எனக்காக?"

"செல்லி ஈந்தா, தங்கச்சி, நாளைக்கு ஒரு கங்காணி வந்து அது பொய்யெண்டு நிறுவுவான். இப்ப நிறுவ ஒண்டும் இல்ல."

உள்ளே போய் முட்டைகளைக் கொண்டுவந்து வைத்தேன். எண்ணி, வைக்கோலில் அடுக்கி, மூடியைப் போடும்போது மறுபடியும் கேட்டேன். "இப்பவாவது சொல்லுங்க. துரை பைரி, அவரு தேன் பருந்து, கங்காணி கருடன். நான் என்ன பறவை?"

அவர் மூடியின் மேல் கையை வைத்தபடி நின்றார். ஆகாயத்தைப் பார்க்கவில்லை. அத்தனை வருஷத்தில் முதல்தரம் தலையைத் தாழ்த்தி என் முகத்தை நேராகப் பார்த்தார். வெற்றிலைச் சாறு ஊறிய வாயோரம் லேசாகத் துடித்தது.

"நீங்க பருந்தே இல்ல, தங்கச்சி. நல்ல சாதுக் கோழி. வாயில்லாப் பூச்சி."

சொல்லிவிட்டுக் காவுதடியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு படலைத் தாண்டிப் போய்விட்டார். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. இவ்வளவு செய்தும் கோழிதானா? அப்போது வேலிப்பக்கம் "ஐயோ அம்மா, புடிங்கம்மா, புடிங்க!" என்று ஒரு கூச்சல். தபால் பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு தபால்காரர் பாதையில் ஓடிக்கொண்டிருந்தார். பின்னால் கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு என் வெள்ளைக் கோழி.

அதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மனிதர் கோழியைப் பற்றி என்றைக்கு உண்மை சொல்லியிருக்கிறார்?